உலக மன்றத்தில் தேவகோட்டைக்கு எத்தனை ஓட்டு?

2011 கணக்கெடுப்பின்படி செட்டிநாட்டு ஊரான தேவகோட்டையின் மக்கள்தொகை அரை லட்சத்துக்குச் சற்று மேல். பசிபிக் கடலிலுள்ள துவாலு, நவூரு ஆகிய இரண்டு நாடுகளின் மக்களையும் சேர்த்துக் கூட்டினால்கூட அதில் பாதி வராது. ஆனால் ஐ.நா. பொதுச் சபையில் அவற்றுக்குத் தலா ஓர் ஓட்டு இருக்கிறது. 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கும் ஓர் ஓட்டுதான். அதையும் அரசு அனுப்பும் தூதர்தான் போடுகிறார். நாம் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் என்று யாரும் அங்கே இல்லை.

மக்களே தேர்ந்தெடுக்கும் மன்றம் ஒன்று ஐ.நா.வில் வேண்டும் என்று 2007 முதல் ஓர் இயக்கமே நடக்கிறது. இதன் அருமையைச் செட்டிநாட்டில் விளக்க வேண்டியதில்லை. 1930களின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. வட்டிக்குக் கொடுக்கப் போனவர்கள் அவர்கள். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, நிலம் கைமாறியது. மந்தம் தொடங்கியது எங்கோ. கடன் கொடுத்தவருக்கும் நிலம் இழந்த பர்மிய விவசாயிக்கும் அங்கே குரல் இல்லை.

சரி, மன்றம் வந்தால் யாருக்கு எத்தனை இடம்? செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தாரின் குடும்பம் ஒவ்வொன்றும் ஒன்பது கோயில்களில் ஏதோ ஒன்றில் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஓர் அலகு. ஒன்பதும் கூடி முடிவெடுப்பதாக வைத்துக்கொள்வோம். கோயிலுக்கு ஓர் ஓட்டு என்றால் புள்ளி அதிகமுள்ள கோயில் முறைக்கும். புள்ளிக்கு ஓர் ஓட்டு என்றால் சிறிய கோயில், ‘நாங்கள் எதற்கு வர வேண்டும்?’ என்று கேட்கும்.

1946இல் பிரிட்டிஷ் மருத்துவர் லயனல் பென்ரோஸ் இடைவழி ஒன்றைக் கணக்குப் போட்டுக் காட்டினார். உங்கள் ஓட்டு முடிவை மாற்ற வேண்டுமானால் மற்றவர்கள் சரிபாதியாகப் பிரிந்திருக்க வேண்டும். 100 பேர் நாணயம் சுண்டி ஓட்டுப் போட்டால், சரியாக 50-50 ஆக முடிய வாய்ப்பு சுமார் 8 சதவீதம். 10,000 பேர் என்றால் 0.8 சதவீதம். ஆள் நூறு மடங்கு கூடியும் வாய்ப்பு பத்து மடங்குதான் குறைகிறது. ஆகவே நூறு மடங்கு பெரிய நாட்டுக்குப் பத்து மடங்கு எடை கொடுத்தால், இரு நாட்டுக் குடிமக்களின் பலமும் சமமாகும். அதாவது எடை மக்கள்தொகையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. துவாலுவைப் போல ஒரு லட்சம் மடங்குக்கு மேல் பெரிய இந்தியாவுக்கு, இந்தக் கணக்கில் சுமார் 350 மடங்கு எடை.

அழகான கணக்கு. ஆனால் மனிதர்கள் நாணயம் சுண்டி ஓட்டுப் போடுவதில்லை. சாதி, கட்சி, மொழி என்று கூட்டமாகச் சாய்கிறார்கள். அங்கே இது தள்ளாடும் என்பது என் எண்ணம். ஐரோப்பிய நாடாளுமன்றம் சூத்திரத்தை நம்பாமல் பேரம் பேசியே தீர்த்துக்கொண்டது: மொத்தம் 720 இடங்களில் ஜெர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6. மால்டாவில் ஓர் உறுப்பினருக்கு ஒரு லட்சம் பேர்கூட இல்லை; ஜெர்மனியில் எட்டு லட்சத்துக்கும் மேல்.

அந்த மன்றமும் 1952இல் உறுப்பு நாடுகளின் நாடாளுமன்றங்கள் அனுப்பிய 78 பேரோடுதான் தொடங்கியது. நேரடித் தேர்தல் வந்தது 1979இல். ஐ.நா.விலும் அப்படித் தொடங்கலாம். சாசனத்தைத் திருத்த ஐந்து வல்லரசுகளும் சம்மதிக்க வேண்டும். ஆனால் 22ஆம் பிரிவின்படி துணை அமைப்பு ஒன்றை நிறுவப் பொதுச் சபையின் ஓட்டே போதும். அந்தத் துணை அமைப்புக்கு ஆலோசனை கூறும் அதிகாரம் மட்டுமே இருக்கும். சுதந்திரமான தேர்தலே நடக்காத நாடுகளின் இடங்களில் யார் உட்காருவார்கள் என்பதற்கு மட்டும் எந்த வர்க்கமூலத்திலும் விடை இல்லை.