டி.சி.யை மொழிபெயர்க்க வேண்டாம்

ஒவ்வொரு கோடையிலும் ஜெர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போவேன். சாமி கும்பிட்டு முடிப்பதற்குள் யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டிவிடுவார். திரையில் ஒரு பட்டச் சான்றிதழ். "அக்கா, இது இங்கே செல்லுமா?"

வெளிநாட்டில் படித்து வந்தவர்களின் தொழில் தகுதிக்கு ஜெர்மனியில் அங்கீகாரம் வாங்க வழிகாட்டுவது என் வேலை. அன்னதான வரிசையில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய பதில் அந்தக் கேள்விக்கு இல்லை. ஒன்றை மட்டும் அங்கேயே திருப்பிக் கேட்பேன்: "என்ன வேலைக்குப் போகப் போகிறீர்கள்?" என்ன படித்தார் என்பதை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

செவிலியர், மருத்துவர், மருந்தாளுநர், அரசுப் பள்ளி ஆசிரியர் போன்ற தொழில்களுக்கு இங்கே சட்டம் வேலி போட்டிருக்கிறது. அங்கீகாரம் இல்லாமல் அந்தப் பெயரில் வேலை செய்ய முடியாது. மென்பொருள் எழுதுபவருக்கும் கார்த் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் சேர்பவருக்கும் அந்த வேலி கிடையாது. ‘இன்ஜெனியோர்’ என்ற பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ளத்தான் அனுமதி வேண்டும். அந்த வேலையைச் செய்ய அனுமதி தேவையில்லை. விசாவுக்குப் பட்டத்தின் மதிப்பைக் காட்டினால் போதும். அனாபின் என்ற தரவுத்தளத்தில் பல்கலைக்கழகமும் பட்டமும் சரியாகப் பொருந்தியிருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பான் நகரில் உள்ள வெளிநாட்டுக் கல்விக்கான மத்திய அலுவலகத்தில் 208 யூரோ கட்டி மதிப்பீடு வாங்கலாம். பலர் அனாபினில் தங்கள் கல்லூரியின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என் படிப்பே இதில் இல்லை" என்று பதறுகிறார்கள். பட்டத்தை வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரில் தேட வேண்டும். இந்த வேலைக்காக ஒரு முகவருக்கு நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்த பொறியாளர் ஒருவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் 208 யூரோ என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆசிரியர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஓர் ஆசிரியர் பொதுவாக இரண்டு பாடங்களுக்குப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். நம்மூரில் ஒரே பாடம் படித்து பி.எட். முடித்தவருக்கு அது நீண்ட பாதை.

நான் அதிகமாகப் பார்ப்பது செவிலியர்களின் கோப்புகளைத்தான். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், பி.எஸ்சி. நர்சிங், ஐந்து ஆண்டு அனுபவம். ஒரு மாலை அழுதுகொண்டே அழைத்தார்: "தள்ளுபடி செய்துவிட்டார்கள் அக்கா." கடிதத்தை வாங்கிப் படித்தேன். அது தள்ளுபடி இல்லை, குறைபாட்டு அறிவிப்பு. இந்தியாவிலிருந்து வரும் செவிலியர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைப்பது இதுதான். இன்னின்ன பகுதிகளில் உங்கள் படிப்புக்கும் எங்கள் படிப்புக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது, அதை ஈடுகட்டினால் உரிமம் தருகிறோம் என்பது அதன் பொருள். ஈடுகட்ட இரண்டு வழிகள்: மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே தழுவல் பயிற்சி முடிப்பது, அல்லது வாய்மொழியும் செய்முறையும் கொண்ட அறிவுத் தேர்வை எழுதுவது. இந்த அறிவிப்பை வைத்தே விசாவுக்கும் விண்ணப்பிக்கலாம். அது கையில் வந்த நாளில் பலர் கேசரி கிண்ட வேண்டியவர்கள், அழுகிறார்கள்.

அந்த அறிவிப்பில் ஓர் அட்டவணை இருந்தது. இங்கே செவிலியர் படிப்பு மூன்று ஆண்டுகள்: வகுப்பில் 2,100 மணி நேரம், நோயாளிகளோடு 2,500 மணி நேரம். அவர் படித்தது நான்கு ஆண்டுகள். ஆனால் அட்டவணையில் செய்முறைப் பயிற்சிக்கான கட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. காரணம் எளிது. அவர் அனுப்பியது மதிப்பெண் பட்டியல். எந்த வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்ற விவரம் கல்லூரியின் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அனுபவச் சான்றிதழும் அப்படித்தான்: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பணியாற்றினார், நன்னடத்தை உடையவர், முத்திரை, கையெழுத்து. நடத்தையைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. எந்தப் பிரிவு, எத்தனை படுக்கைகள், என்னென்ன பணிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று இருந்தால்தான் அந்த ஐந்து ஆண்டுகளைக் குறைபாட்டிலிருந்து கழிக்க முடியும். அனுபவமும் கணக்கில் சேரும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அறிவிப்பை எதிர்த்துப் போவதற்குப் பொதுவாக ஒரு மாதம்தான் கெடு. அதனால் கடிதம் வந்த அன்றே யாரிடமாவது காட்டுங்கள். ஐந்தாவது வாரத்தில் வந்தால் நானும் சேர்ந்து வருத்தப்படத்தான் முடியும்.

அவருடைய கோப்பில் பள்ளி மாற்றுச் சான்றிதழின் (டி.சி.) ஜெர்மன் மொழிபெயர்ப்பும் இருந்தது. அங்க அடையாளங்கள் உட்பட! வலது முழங்கையில் ஒரு மச்சம். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அதை மொழிபெயர்த்திருக்கிறார். எந்த ஆவணம் வேண்டும், எந்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரையை ஏற்பார்கள் என்பதை விண்ணப்பம் போகும் அலுவலகத்திடம் முதலில் கேட்டுவிட வேண்டும். ஜெர்மனியில் 16 மாநிலங்கள், நீங்கள் வேலை செய்யப்போகும் மாநிலம்தான் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும். பக்கத்து மாநிலத்துத் தோழியின் பட்டியல் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். அசலை எங்கும் அனுப்பக் கூடாது, சான்றளித்த நகல்தான்.

இதையெல்லாம் கேட்க இலவச இடங்கள் இருக்கின்றன. ஊரில் இருப்பவர்களுக்கு, ஜெர்மன் கூட்டாட்சி வேலைவாய்ப்பு அலுவலகத்தின் கீழ் தொழில் அங்கீகாரத்துக்கான மத்தியச் சேவை மையம் 2020 முதல் இயங்குகிறது. வந்து சேர்ந்தவர்களுக்கு ‘ஐ.க்யூ.’ வலையமைப்பின் ஆலோசனை நிலையங்கள் இருக்கின்றன. ‘அனெர்கென்னுங் இன் டாய்ச்லாண்ட்’ என்ற அரசு இணையதளத்தில் தொழிலையும் ஊரையும் கொடுத்தால் உரிய அலுவலகத்தின் பெயர் வரும். தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் இருக்கிறது. இலவசம் என்றால் தரமாக இருக்காது என்று நினைத்து முகவரிடம் போகிறவர்களை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முகவர்கள் எல்லோரும் மோசம் என்று சொல்ல மாட்டேன். செவிலியர்களை அழைத்து வருவதில் ‘நியாயமான ஆட்சேர்ப்பு’ என்ற அரசுத் தரமுத்திரை இருக்கிறது. அதை வைத்திருக்கும் நிறுவனம் ஆட்சேர்ப்புக்காகச் செவிலியரிடம் பணம் வாங்கக் கூடாது. செலவு வேலை கொடுப்பவருடையது. முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் ‘இடையில் விலகினால் திருப்பிச் செலுத்த வேண்டும்’ என்ற வரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கையெழுத்துக்கு முன்னால் பாருங்கள்.

இந்த அங்கீகாரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2012 ஏப்ரல் 1-ஆம் தேதி. அதற்கு முன்பு நம்மைப் போன்றவர்களில் பெரும்பாலோருக்கு, என் படிப்பைப் பரிசீலியுங்கள் என்று கேட்கும் உரிமையே இல்லை. 1980களில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த கணித ஆசிரியர் ஒருவரைத் தேரில்தான் சந்தித்தேன். முப்பது ஆண்டுகள் உணவக அடுக்களையில் வேலை பார்த்தவர். "எனக்குக் கேட்கிறதுக்கு ஆள் இல்லை, பிள்ளை" என்றார். பேத்தியின் மருத்துவப் படிப்பைப் பற்றி விசாரிக்க வந்திருந்தார். அவள் இங்கேயே படிக்கிறாள், அவளுக்கு என் உதவி தேவையில்லை என்று சொன்னதும் சிரித்துவிட்டார்.

நெல்லைப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். கல்லூரியிலிருந்து மணிக்கணக்கு வந்தது, பழைய மருத்துவமனை புதிய சான்றிதழ் தந்தது, குறைபாடு சுருங்கியது. அதன் பிறகு இன்னொரு முட்டு. சான்றிதழில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்திருக்கிறது, செவிலியர் கவுன்சில் பதிவில் கணவரின் பெயர். மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கச் சொன்னார்கள். குடும்பப் பெயர் என்ற ஒன்று நம்மிடம் இல்லை என்பதை விளக்கி ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். ஒரே நபர் என்ற உறுதிமொழிப் பத்திரமும் சேர்ந்து போனது. இதை ஊரிலேயே முடித்துக்கொண்டு வருவது நல்லது.

தழுவல் பயிற்சியில் அவருக்குக் கஷ்டமாக இருந்தது மொழி அல்ல. ஊரில் நோயாளியைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் கூட இருக்கும் உறவினரின் வேலை. இங்கே அது செவிலியரின் வேலை. முதல் மாதம் திகைத்துப் போனார். போன கார்த்திகையில் உரிமம் வந்தது. அதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பாவின் பெயரே குடும்பப் பெயர். வார்டில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். "இன்னும் ஒவ்வொரு முறையும் அப்பா வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்க்கிறேன் அக்கா" என்றார்.