ஓட்டுச்சீட்டின் ஓரத்தில் ஒரு ஜட்ஜ்

நான்கு வருஷத்துக்கு ஒரு முறை, கவர்னர் தேர்தல் வரும் அக்டோபரில், என் வாட்ஸ்அப்புக்கு ஓட்டுச்சீட்டுப் படங்கள் வந்து குவியும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி முதல் தடவை ஓட்டுப் போடும் நம்மூர்க்காரர்கள் அனுப்புபவை. "சார், கவர்னருக்கு ஓட்டு சரி. ஜட்ஜுக்கு எதுக்கு? ஒரே ஒரு பேரைப் போட்டு ஆமாவா இல்லையான்னு கேட்டா என்னத்தச் சொல்றது?"

கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுன்டியில் வக்கீலாக இருக்கிறேன். முதலில் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இங்கே மாநிலத்துக்கு மாநிலம் தனி சுப்ரீம் கோர்ட் உண்டு. (நியூயார்க்கில் அந்தப் பெயர் விசாரணை நீதிமன்றத்துக்கு! அதை விடுங்கள்.) கலிஃபோர்னியாவில் ஏழு நீதிபதிகள். கவர்னர் நியமிப்பார், மூன்று பேர் குழு ஒப்புதல் தரும். அடுத்த கவர்னர் தேர்தலில் மக்களிடம் வரவேண்டும். எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. இவர் தொடரலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி. முழுப் பதவிக்காலம் 12 வருஷம்.

பெரும்பாலோர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கெல்லாம் நான், இங்கே தலைமை நீதிபதியாக இருந்து மக்கள் ஓட்டில் பதவி இழந்த ரோஸ் பேர்டின் கதையைச் சொல்வேன்.

1936-இல் அரிசோனாவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். அம்மா தொழிற்சாலையில் வேலை பார்த்து வளர்த்தார். 1965-இல் பெர்க்லியில் சட்டம் முடித்தார். அடுத்த வருஷம், இதே சாண்டா கிளாராவில், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசு நடத்தும் அலுவலகத்தில் முதல் பெண் வக்கீலாகச் சேர்ந்தார். 1975-இல் கவர்னர் ஜெர்ரி பிரவுன் அவரை அமைச்சரவையில் சேர்த்தார். விவசாயமும் அவர் பொறுப்பில் வந்தது. பண்ணைத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க உரிமை தந்த சட்டம் அந்த வருஷம்தான் வந்தது. நாள் முழுக்க முதுகை ஒடித்துக் குனிய வைத்த குட்டைக் கைப்பிடிக் களைக்கொத்துக்குத் தடை வந்ததும் அப்போதுதான். பண்ணை முதலாளிகளுக்கு அவர்மேல் கடுப்பு விழுந்தது அங்கேதான் என்பது என் கணிப்பு.

1977-இல் நேராகத் தலைமை நீதிபதி. வயது 40. கீழ்க் கோர்ட்டில் ஒரு நாள்கூட ஜட்ஜாக உட்கார்ந்ததில்லை. அந்த நீதிமன்றத்தின் முதல் பெண்ணும் அவரே. ஒப்புதல் குழுவில் 2-1. மறு வருஷம் மக்கள் ஓட்டில் 51.7 சதவீதம், மயிரிழையில் தப்பினார்.

அதன்பின் வந்த மரண தண்டனை வழக்குகள் 60-க்கும் மேல். ஒவ்வொன்றிலும் தண்டனையை ரத்து செய்யவே அவர் ஓட்டளித்தார். 1978-இல் அவருக்குக் கிடைத்தது முன்னவரின் மீதிக் காலம் மட்டும்தான்; அதனால் 1986-இல் மறுபடி மக்கள் ஓட்டுக்கு வரவேண்டியிருந்தது. அவரை நீக்கச் சொன்ன தொலைக்காட்சி விளம்பரங்களில் கொலையுண்டவர்களின் குடும்பத்தார் வந்து பேசினார்கள். அந்த வலி பொய்யில்லை. ஆனால் விளம்பரம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு; என்னிடம் வழக்கோடு வருகிறவர்களிடம் நானும் தினம் மல்லுக்கட்டும் விஷயம் அது. தண்டனை ரத்து என்றால் விடுதலை இல்லை. குற்றத்தீர்ப்பு அப்படியே நிற்க, தண்டனையை மட்டும் மறுபடி விசாரிக்கச் சொல்லலாம். அப்போது ரத்தானவற்றில் பல, கொல்லும் நோக்கம் இருந்ததா என்று ஜூரி தனியாகத் தீர்மானிக்கவில்லை என்ற காரணத்தால் ரத்தானவை. அந்த விதியை 1983-இல் வகுத்ததே அந்த நீதிமன்றம்தான். பேர்ட் போனபிறகு, 1987-இல், அதே நீதிமன்றம் அதைக் கைவிட்டது.

அவர் பக்கமும் குறை உண்டு. ஒரு வழக்கில்கூடவா தண்டனை சரியில்லை என்று சாமானியன் கேட்டால், அவன் காதில் ஏறுகிற மாதிரி பதில் வரவேண்டும். வரவில்லை. தேர்தலை நினைக்காமல் தீர்ப்பு எழுதுவது குளியல் தொட்டியில் கிடக்கும் முதலையை நினைக்காமல் இருப்பதுபோல என்றார் அதே கோர்ட்டில் நீதிபதியாக இருந்த ஓட்டோ காஸ். பேர்ட் முதலையைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்தப் பிடிவாதத்தை மதிக்கிறேன். அதற்கு விலை கொடுத்தது அவர் மட்டும் இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

1986 நவம்பர் 4. மூன்றில் இரண்டு பங்குப் பேர் 'இல்லை' என்றார்கள். அவரோடு குரூஸ் ரெய்னோசோ, ஜோசப் குரோடின் இருவரும் வெளியே. 1934-இல் இந்த முறை வந்ததிலிருந்து எந்த நீதிபதியும் அப்படிப் போனதில்லை. ரெய்னோசோ அங்கே அமர்ந்த முதல் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிக்காரர். மூன்று இடங்களையும் நிரப்பும் வாய்ப்பு கவர்னர் டியூக்மேஜியனுக்குப் போனது. மரண தண்டனை? 1978-க்குப் பிறகு இன்றுவரை இந்த மாநிலம் நிறைவேற்றியது 13. கடைசியாக 2006 ஜனவரியில்.

யாருக்கு ஓட்டுப் போடுவது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். மாநிலம் அனுப்பும் வாக்காளர் கையேட்டில் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளைப் பற்றிய குறிப்பு இருக்கும். தீர்ப்புகள் நீதிமன்றத் தளத்தில் இலவசம். பெயரைத் தட்டி இரண்டு தீர்ப்பின் முதல் பக்கத்தையாவது படியுங்கள். டிவி விளம்பரத்தில் "விட்டுவிட்டார்" என்று வந்தால், எதை விட்டார் என்று பாருங்கள்: ஆளையா, தண்டனையையா.

பதவி போனபின் பேர்ட் வக்கீல் தொழிலுக்குத் திரும்பவில்லை. ஈஸ்ட் பாலோ ஆல்டோவில் ஏழைகளுக்கான சட்ட உதவி மையத்துக்குத் தன்னார்வலராகப் போனார். தான் யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஜெராக்ஸ் எடுக்கும் வேலை கொடுத்தார்கள், எடுத்தார். 1999 டிசம்பரில் மார்பகப் புற்றுநோயில் இறந்தபோது வயது 63.