ஆட்டம் தெரிஞ்சவரையே ஏமாத்தின லெட்டர்கள்

காலேஜ் டீம்ல ஆடின பசங்க நம்ம ஸ்போர்ட்ஸ் டெஸ்க்குக்கு வேலைக்கு வந்தா ஒரு தெம்போட வருவாங்க, "எனக்கு கேம் தெரியும் சார்"னு. அவங்களுக்கு நான் சொல்றது கிரான்ட்லேண்ட் ரைஸ் கதை. 1880ல அமெரிக்காவுல டென்னசில பொறந்தவர், வேண்டர்பில்ட் யுனிவர்சிட்டில பேஸ்பால் கேப்டன், 1901ல டிகிரி முடிச்சதும் பேப்பர் வேலைக்கு வந்துட்டார், கடைசில அந்த ஊரு ஸ்போர்ட்ஸ் ரைட்டர்களுக்கே பெரியவர்னு பேர் வாங்கினார்.

அவரு அட்லாண்டா ஜர்னல்ல இருந்தப்ப, 1904ல, டை காப்னு ஒரு பதினேழு வயசுப் பையன் அலபாமாவுல அனிஸ்டன்ங்கிற ஊர்ல சின்ன பேஸ்பால் டீம்ல ஆடிட்டிருக்கான். "இந்தப் பையன் பெரிய ஆளா வருவான்"ங்கிற மாதிரி லெட்டரும் கார்டுமா ரைஸ் மேஜைக்கு வருது, ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு பேரு. ரைஸும் நம்பி எழுதிட்டார். எல்லாம் காப் தனக்குத்தானே எழுதிக்கிட்டதுன்னு பல வருஷம் கழிச்சு காப்பே சொல்லித்தான் தெரிஞ்சுது. காப் நிஜமாவே அசுரன், 1905லயே டெட்ராய்ட் டைகர்ஸ்ங்கிற பெரிய லீக் டீமுக்குப் போயிட்டார், அதனால ரைஸ் பேர் கெடல. சுமாரான பையனா இருந்திருந்தா?

இப்ப அதே லெட்டர் வாட்ஸப்ல வருது, அவ்ளோதான். மூணு நம்பர்லேர்ந்து ஒரே பையனோட செஞ்சுரி பத்தி மெசேஜ், மூணுலயும் ஸ்கூல் பேர்ல அதே எழுத்துப்பிழை. ஆட்டம் தெரிஞ்சிருக்கிறது இங்க உதவாது. ஸ்கோர்ஷீட் பக்கத்தை போட்டோ கேளுங்க, அம்பயர் கையெழுத்து இருக்கான்னு பாருங்க, முக்கியமா தோத்த டீம் கோச்சுக்கு ஒரு போன் போடுங்க, அவரு மறைக்கவும் மாட்டாரு ஏத்தியும் சொல்லமாட்டாரு.

இன்னொண்ணு. 1924 அக்டோபர் 18, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ்ல நோட்ரே டேம் யுனிவர்சிட்டி டீம் 13-7ல ராணுவ அகாடமியோட ஆர்மி டீமை ஜெயிச்சுது, அமெரிக்கன் ஃபுட்பால். ரைஸ் நோட்ரே டேமோட நாலு ஆட்டக்காரங்களை நாலு குதிரைவீரர்கள்னு எழுதினார், வானத்தைப் பின்னணியா வச்சு. (கேலரில உக்காந்து பாத்தவருக்கு ஆட்டக்காரன் பின்னாடி வானம் எப்படித் தெரிஞ்சுதுன்னு அப்புறம் கிண்டல் பண்ணாங்க, நியாயமான கேள்விதான்.) உடனே டீமோட பிரஸ் வேலை பாத்த ஸ்டூடண்ட் ஒருத்தர் நாலு பேரையும் யூனிஃபார்மோட நிஜக் குதிரைல ஏத்தி போட்டோ எடுக்க வச்சு பேப்பருக்கெல்லாம் போக வச்சார், இன்னிக்கும் மேட்சை விட அந்தப் படம்தான் ஃபேமஸ். அதனால சும்மா வர்ற அழகான பிளேயர் போட்டோவை பேஜ்ல வைக்கிறதுக்கு முன்னாடி யார் எடுத்தது, யார் செலவுலன்னு கேட்டுடுங்க, பதில் வர்றவரைக்கும் நம்ம ஃபோட்டோகிராஃபர் எடுத்த சுமாரான படமே போதும்.