நோய் மாறுகிறது, நோயாளி மாறுவதில்லை

நூறு வருஷத்துக்கு முந்தி இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களை ஆட்டிப்படைத்தது கொழுக்கிப்புழு. தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒழுங்கான மலசலகூடம் இல்லை, காலில் செருப்பும் இல்லை. ஈர மண்ணில் கிடக்கும் புழுக்குஞ்சு வெறுங்காலைத் துளைத்து உடம்புக்குள் ஏறும். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். 1916இல் அமெரிக்காவின் ராக்கெஃபெல்லர் அறக்கட்டளை தோட்டங்களில் ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மருந்து கொடுத்தால் புழு போனது. மலசலகூடம் கட்டாத இடங்களில் அதே ஆட்களுக்கு மறுபடி தொற்றியது.

இன்றைக்குப் புழு பெரிய பேச்சில்லை. குருதிச்சோகை, எடை குறைந்த பிரசவம், பிரஷர், சீனி வருத்தம் என்று வேறு பெயர்கள் வந்துவிட்டன. 2016ஆம் ஆண்டின் தேசிய அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்கச் சுமார் 17 சதவீதம். தோட்டங்களில் சுமார் 32. நோய்கள் இவ்வளவு மாறியும் அவை ஏன் அதே ஜனங்களையே தேடி வருகின்றன?

புரூஸ் லிங்க், ஜோ ஃபீலன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1995இல் முன்வைத்த ‘அடிப்படைக் காரணம்’ என்ற கோட்பாடு இதைத்தான் விளக்குகிறது. பணம், அறிவு, அதிகாரம், சமூக மதிப்பு, ஆள் பழக்கம்: இவை கையில் உள்ளவர் எந்த நோய் வந்தாலும் அதற்கேற்ற வழியைத் தேடிக்கொள்வார். புழுக் காலத்தில் செருப்பு வாங்கினார். மாரடைப்புக் காலத்தில் கொலஸ்ட்ரோல் பார்த்து மாத்திரை எடுக்கிறார். புதுச் சிகிச்சை முதலில் எட்டுவதும் அவருக்குத்தான். அதனால் வைத்தியம் வளர்ந்தால் இடைவெளி தானாகக் குறையும் என்று இருந்துவிட முடியாது. சில வேளை கூடவும் செய்யும்.

35 வயதுப் பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா அங்கே போவதை நினைத்துப் பாருங்கள். குறித்த கிலோ பறித்தால்தான் அவருக்கு முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். கிளினிக் போனால் அன்றைக்குப் பேரே இல்லை. பஸ் இல்லாத மேட்டிலிருந்து டவுனுக்கு ஆட்டோக் காசு வேறு. அங்கே தமிழ் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் கேட்க நினைத்ததையும் விழுங்கிக்கொண்டு திரும்புவார். இலவசமான ஒன்றுக்கு இவ்வளவு விலை. ஆகவே நோவு தாங்காமல் போகும்வரை தள்ளிப்போடுகிறார். இதை அறியாமை என்று சொல்வது பெரிய அநியாயம்.

அதிகாரம் இல்லாமல் போன கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தோரின் வழிவந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அப்புறம் வாக்கும் போனது. நாடெங்கும் அரச இலவச மருத்துவம் வளர்ந்த காலத்தில் தோட்டத்து வைத்தியம் கம்பனிகளின் கையிலேயே கிடந்தது. வாக்கில்லாதவர் கேட்டு யார் ஆஸ்பத்திரி கட்டுவார்? அன்று சத்தில்லாமல் வளர்ந்த சிறுமி குட்டையான தாயானாள். அவளுக்கு எடை குறைந்த பிள்ளை பிறந்தது. அப்படிப் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் இதய நோயும் வரும் ஆபத்து அதிகம்.

சரி, சங்கிலியை எங்கே அறுப்பது? தனி ஆளின் வசதியை நம்பாத வழிகளில் என்கிறது இந்தக் கோட்பாடு. உப்பில் அயடீன் சேர்த்தால் துரை வீட்டுக் கறிக்கும் லயத்துக் கறிக்கும் அது ஒன்றுபோலப் போய்ச் சேரும். பரிசோதனையும் அப்படி ஆகலாம். கிளினிக் மாதம் ஒருமுறை தோட்டத்துக்கே வரட்டும், தமிழ் பேசும் தாதி இருக்கட்டும், அன்றைக்குப் போன பெண்களுக்குச் செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேட்டில் முழுப்பேர் விழட்டும்.