துருவுக்கு மேல் தகடு வைக்கச் சொல்லாதீர்கள்

தூத்துக்குடி வட்டாரத்தில் உப்பளத்துக்கும் மீன் ஏலக்கூடத்துக்கும் ஓடி ஓய்ந்த பிக்கப் வண்டிகளின் கேபின்தான் எங்கள் டிங்கரிங் பட்டறைக்கு அதிகம் வரும் வேலை. பெரும்பாலும் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) நெருங்கும் நேரத்தில்தான் வரும். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். அதனால், "ஓட்டை தெரியாமல் தகடு வைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுங்கண்ணே" என்பார்கள். பட்டி என்பது பள்ளத்தை நிரப்பிச் சமமாக்கப் பூசும் பசை. கதவின் வெளித்தகட்டிலோ மட்கார்டிலோ ஓட்டை என்றால் சரி, அப்படிச் செய்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கேபினைத் தாங்கி நிற்கிற இடங்களில் அப்படிச் செய்யக் கூடாது.

எவை அந்த இடங்கள்? கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பேனல், கதவுக் கீல் பிடித்திருக்கும் பில்லரின் (தூணின்) அடிப்பகுதி, சீட்டுக்குப் பின்னால் பெல்ட் மாட்டியிருக்கும் பில்லர், தரைத்தகட்டின் ஓரம். அப்புறம், பலர் குனிந்தே பார்க்காத ஓர் இடம் இருக்கிறது. பிக்கப்பில் கேபின் தனி, அடிச்சட்டமான சேஸிஸ் தனி. ரப்பர் புஷ் வைத்து போல்ட் போட்டுத்தான் கேபினை சேஸிஸ் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த போல்ட் இறங்கும் தகடு துருப்பிடித்தால் மோதலில் கேபினைப் பிடித்து வைக்க எதுவும் இருக்காது. சீட் பெல்ட்டும் அப்படித்தான். பெல்ட் புதிதாக இருக்கலாம், அதன் போல்ட் பிடித்திருக்கும் தகடு மக்கியிருந்தால் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு வரும்.

சில் பேனலும் பில்லரும் உள்ளே வெற்றிடம் உள்ள பெட்டிகள். மீன் பெட்டியில் ஐஸ் உருகி வழியும் தண்ணீர், ரப்பர் மேட்டுக்கு அடியில் ஊறும் ஈரம், கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் மழை எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். வடிகால் துளை மண்ணால் அடைத்திருந்தால் வெளியேற வழியில்லை. உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் என்பதால் கோடையிலும் துரு நிற்காது. உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருவதால் வெளியே பெயிண்டில் கொப்புளம் தெரியும்போது உள்தகடு எப்போதோ போயிருக்கும். கொப்புளத்தைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள், 'கரக்' என்று உள்ளே இறங்கும். கதவைத் தூக்கிச் சாத்த வேண்டியிருக்கிறது என்று கீல் பின்னை இரண்டு தடவை மாற்றியவர்கள் உண்டு. பின்னில் குறையே இல்லை, பில்லரின் அடி கரைந்து போயிருக்கும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் மெல்லிய துணியில் ஒரு சின்னக் காந்தத்தைச் சுற்றி சில் பேனல் முழுக்கத் தடவுங்கள். பிடிக்காத இடத்தில் இருப்பது பட்டி.

துருவின் மேல் தகடு வைத்து வெல்டு அடித்தால் என்ன ஆகும்? இரண்டு தகட்டுக்கும் நடுவில் உப்பும் ஈரமும் சிறைப்பட்டுவிடும். வெல்டிங் சூட்டில் உட்புறப் பெயிண்டும் கருகிவிடுவதால் புதுத் தகடும் உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். அந்த வெல்டு பிடித்திருப்பதும் பாதி தின்றுபோன தகட்டைத்தான்.

முறையான வேலை வேறு. முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும், டீசல் குழாய்களையும் வயரிங்கையும் ஒதுக்க வேண்டும். அடுத்து நான் விட்டுக்கொடுக்கவே மாட்டாத ஒன்று: சில் பேனலை அறுப்பதற்கு முன் கதவுச் சட்டத்துக்குள் ஆங்கிளோ பைப்போ குறுக்கே வைத்து டாக் (ஆங்காங்கே சின்னப் புள்ளி வெல்டு) அடித்து இறுக்குவது. மூலைக்கு மூலை அளந்து சுவரில் எழுதி வைப்போம். இதைச் செய்யாமல் அறுத்தால் கேபின் கீழே தொங்கும். அப்படியே புதுத் தகட்டை வெல்டு செய்தால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறு பக்கத்தில் கை வைக்க வேண்டும்.

துருவைத் தாண்டி, பளபளக்கும் நல்ல தகடு வரும் வரை வெட்ட வேண்டும். உள்ளங்கை அளவு ஓட்டைக்கு ஒரு முழம் அறுக்க நேரும்போது வண்டிக்காரர் முகம் மாறும், புரிகிறது. ஆனாலும் பாதியில் நிறுத்த முடியாது. கம்பெனி பேனல் கிடைத்தால் அதுதான் நல்லது. கிடைக்காவிட்டால் பழைய தகட்டின் அதே கனத்தில் சி.ஆர். ஷீட்டை (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகட்டை) மடித்துச் செய்யலாம். கேஸ் வெல்டிங் சூடு அகலமாகப் பரவித் தகட்டை நெளிக்கும், அதனால் கம்பியும் கார்பன் டை ஆக்சைடு வாயுவும் கொண்டு அடிக்கும் சிஓ2 வெல்டிங்தான். அதையும் ஒரே இழுப்பில் ஓட்டாமல் ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் தள்ளி அங்கே என்று சூடு ஆறவிட்டு அடிக்க வேண்டும். கம்பெனியில் ஸ்பாட் வெல்டு (இரண்டு தகட்டை அழுத்திப் புள்ளி புள்ளியாக ஒட்டியது) இருந்த இடங்களில் மேல்தகட்டில் 8 மில்லிமீட்டர் துளை போட்டு, அதன் வழியாக அடித்தகட்டோடு சேர்த்து நிரப்புவோம். ஒட்டும் முகங்களில் முன்னதாகவே துத்தநாக பிரைமர் அடித்திருக்க வேண்டும். டாக் அடித்ததும் கதவை மாட்டி, சாத்திப் பார்த்துவிட்டுத்தான் முழு வெல்டு.

பிறகு பிரைமர், இணைப்புகளில் சீலன்ட், பெயிண்ட். எல்லாம் முடிந்ததும் வடிகால் துளை வழியாகப் பெட்டிக்குள் மெழுகுக் கலவையைப் பீய்ச்ச வேண்டும். பல பட்டறைகளில் விட்டுப்போவது இதுதான்.

வண்டியை விடும்போதே, "பட்டி பூசும் முன் கூப்பிடுங்கள், வெறும் தகட்டைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். வந்து பார்க்கும்போது வண்டிக்கு அடியிலும் குனிந்து பாருங்கள்.