சாம்பல் கிளி வாங்கப் போகிறீர்களா? முதலில் தாளைக் கேளுங்கள்

பினாங்கு, கோலாலம்பூர் பக்கம் பறவை வளர்ப்பவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி விற்பனைக்கு என்று ஒரு படம் வந்தால் முதல் கேள்வி எப்போதும் விலைதான். பறவை சட்டப்படி வந்ததா என்று காட்டும் அனுமதித் தாளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

இந்தக் கிளி 2017 ஜனவரி முதல் அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான சைட்டிஸின் (CITES) முதல் பட்டியலில் இருக்கிறது. அதாவது காட்டில் பிடித்ததை வணிகத்துக்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பவே கூடாது. மலேசியாவில் இதற்கான சட்டம் 2008-இல் வந்த சட்டம் 686. கடத்தி வருபவனை மட்டும்தான் பிடிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வந்த பறவையை வைத்திருப்பதும், விற்பதும், விற்பனைக்கு என்று விளம்பரம் போடுவதும் குற்றம்தான். ஒரு பறவைக்கு 1 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 7 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து.

இத்தனை கடுமை ஏன்? மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மழைக்காடுகளில் உயரமான மரங்களின் பொந்துகளில்தான் இது முட்டையிடும், அந்தப் பெரிய மரங்களைத்தான் முதலில் வெட்டுகிறார்கள், மிச்சம் இருக்கிற கூட்டத்தையும் பசை தடவிய கிளைகளையும் மற்றக் கிளிகளை வரவழைக்கப் பழக்கிய கிளியையும் வைத்துப் பிடித்துவிடுகிறார்கள். 1975 முதல் 2013 வரை சட்டப்படி ஏற்றுமதியானவை மட்டும் 13 லட்சத்துக்கு மேல். பிடிபட்டு வழியிலேயே செத்தவை இந்தக் கணக்கில் இல்லை. கானாவில் 1992-க்குப் பிறகு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டன. மெதுவாகப் பெருகும் பறவை, இந்த இழப்பை அதனால் ஈடுகட்ட முடியாது.

சரி, பண்ணையில் பொரித்த குஞ்சு என்றால்? வாங்கலாம், ஆனால் ஆதாரம் வேண்டும். விற்பவரிடம் பெர்ஹிலித்தான், அதாவது மலேசிய வனவிலங்குத் துறை, கொடுத்த உரிமம், வெளிநாட்டுப் பறவை என்றால் இறக்குமதி அனுமதி, அதில் உள்ள எண்ணும் பறவையின் காலில் மாட்டியிருக்கும் வளையத்தின் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். வளையம் மட்டும் போதாது. "தாள் பிறகு தருகிறேன்" என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். வீட்டில் வளர்க்க உங்களுக்கு எந்த உரிமம் தேவை என்பதையும் வாங்கும் முன்பே பெர்ஹிலித்தானில் கேட்டுவிடுங்கள். தலைமையகம் கோலாலம்பூர் ஜாலான் செராஸில் இருக்கிறது, பினாங்குக்காரர்கள் மாநில அலுவலகத்துக்கே போகலாம்.

ஏற்கெனவே தாள் இல்லாத கிளி வீட்டில் இருந்தால் பயந்து வெளியே பறக்கவிட வேண்டாம், அதற்கு இங்கே பிழைக்கத் தெரியாது. இன்னொருவர் தலையில் கட்டவும் வேண்டாம். நீங்களே பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.