கேக் ஒத்துக்கொள்கிறது, ஆம்லெட் ஒத்துக்கொள்வதில்லை: ஏன்?

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஆஃப்பாயில் ஒரு வாய் ஊட்டுகிறார்கள். பத்தே நிமிடத்தில் உதட்டைச் சுற்றிச் சிவந்து, உடம்பெங்கும் காணாக்கடி போலத் தடிப்புகள். அதே குழந்தை போன வாரம் பிறந்தநாள் வீட்டில் முட்டை போட்ட கேக்கைத் தின்றுவிட்டு ஓடி விளையாடியிருக்கிறது. கேக்கிலும் முட்டைதானே என்று பெற்றோர் கேட்பார்கள். முட்டை அலர்ஜியாக இருக்காது, யார் கண்ணோ பட்டிருக்கிறது என்று பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். சுற்றிப் போடுவதில் கெடுதல் இல்லை. மருத்துவரிடம் போவதை அது தள்ளிப்போட்டால்தான் கெடுதல். குழந்தைக்கு முட்டை அலர்ஜி இருப்பது உண்மை, கேக் ஒத்துக்கொண்டதும் உண்மை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தாண்டிவிடுவோம். ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு வேறு சங்கதிகளைச் சொல்கிறோம். ஒன்று செரிமானக் கோளாறு. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி குடலில் குறைந்தால், உடைபடாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வயிறு உப்பும், காற்று பிரியும், பேதியாகும். சிறு குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் ஒரு வயிற்றுப்போக்குக்குப் பின்னால் வந்து, சில வாரங்களில் தானே சரியாகும். தயிரில் உள்ள பாக்டீரியாக்கள் அந்த வேலையில் பாதியை முன்பே முடித்துவிடுவதால் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். மற்றது அலர்ஜி. அதில் சிக்கல் சர்க்கரையில் இல்லை, புரதத்தில். ஆகவே பால் அலர்ஜி உள்ள குழந்தைக்குத் தயிரும் ஆகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பேதிக்காகப் பாலை வருஷக்கணக்கில் நிறுத்திய வீடுகளும் உண்டு, அலர்ஜிக் குழந்தைக்குத் தயிர்ச்சாதம் ஊட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடிய வீடுகளும் உண்டு.

அலர்ஜி நடக்கும் விதம் பள்ளிப் பாடத்திலேயே பாதி இருக்கிறது. உடல் ஒரு புரதத்தை எதிரி என்று தவறாக முத்திரை குத்தி, அதற்கென்றே ‘ஐஜிஇ’ வகை எதிர்ப்புரதங்களைச் செய்கிறது. அவை தோலிலும் குடலிலும் காவல் நிற்கும் மாஸ்ட் செல்களின் மேல் முள் முள்ளாக ஒட்டிக் காத்திருக்கும். அந்தப் புரதம் மறுபடி வரும்போது அடுத்தடுத்த இரண்டு ஐஜிஇ-க்களை ஒருசேரப் பிடித்து இணைத்தால் செல் வெடித்தாற்போல ஹிஸ்டமினைக் கொட்டும். தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு எல்லாம் அதன் வேலை. ‘இரண்டை’ என்பதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

ஐஜிஇ எதைப் பார்த்துப் புரதத்தை அடையாளம் காண்கிறது? பெயரை அல்ல, வடிவத்தை. புரதம் என்பது அமினோ அமிலங்களால் ஆன நீளச் சங்கிலி. ஆனால் அது நீட்டி வைத்த கயிறாக இருப்பதில்லை, மடிந்து மடிந்து கிடக்கிறது. பட்டுப்புடவையை மடித்து அடுக்குவதை எண்ணிப் பாருங்கள். ஒரு மடிப்பின் ஓரத்தில் பாதி மயில், வேறொரு மடிப்பின் ஓரத்தில் மீதிப் பாதி. மடித்த நிலையில் இரண்டும் ஒட்டி நின்று முழு மயிலாகத் தெரியும். உதறினால் மயில் காணாமல் போகும். இரண்டு கெஜ தூரத்தில் இரண்டு பாதிகள் மட்டும் இருக்கும். அந்த முழு மயிலை அடையாளமாக வைத்திருக்கும் ஐஜிஇ-க்கு, உதறிய புடவையில் பிடிக்க ஒன்றுமில்லை. சில மயில்கள் ஒரே இடத்தில் முழுதாக நெய்யப்பட்டவை. அவற்றை எப்படி உதறினாலும் மயில் மயில்தான்.

புரதத்தை உதறுவது சூடு. முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தில் பாதிக்குச் சற்று மேல் ஓவால்புமின்; சுமார் 11 சதவீதம் ஓவோமியூகாய்டு. முன்னதன் மடிப்பைப் பிடித்திருப்பது ஒரே ஒரு கந்தகப் பிணைப்பு, அதாவது கொசுவத்தில் ஒரே ஒரு ஊக்கு. எண்பது டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கலைந்துவிடும். ஓவோமியூகாய்டு அப்படியல்ல. அதன் மூன்று பகுதிகளில் பகுதிக்கு மூன்றாக மொத்தம் ஒன்பது ஊக்குகள். கொதிநீரில் பத்து நிமிடம் போட்டாலும் அசைந்து கொடுக்காது. அவித்த முட்டைகூடச் சில குழந்தைகளுக்கு ஆகாமல் போவது இதனால்தான்.

அப்படியானால் கேக் மட்டும் எப்படி? அடுப்பு 180 டிகிரி என்பதால் என்று தோன்றும். அது சரியான விடை அல்ல. மாவில் ஈரம் இருக்கும் வரை கேக்கின் நடுப்பகுதி நூறு டிகிரியைத் தாண்டவே தாண்டாது. அவித்த முட்டைக்குக் கிடைத்த சூடுதான் அதற்கும். கூடுதலாகக் கிடைப்பவை இரண்டு: நேரம், கோதுமை. கோதுமையின் குளூட்டன் புரதத்திலும் கந்தக ஊக்குகள் உண்டு. அரை மணி நேரச் சூட்டில் ஓவோமியூகாய்டின் ஊக்குகள் அவிழ்ந்து பக்கத்துக் குளூட்டனில் போய்க் குத்திக்கொள்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் நம் முந்தானை ஊக்கு பக்கத்தில் நிற்பவர் புடவையில் மாட்டினாற்போல! மாட்டியது மாட்டியதுதான். கரைந்து வெளியே வர முடியாமல் மாவு வலைக்குள்ளேயே முட்டைப் புரதம் சிறைப்படுகிறது. முட்டையைத் தனியாக எவ்வளவு வேகவைத்தாலும் இந்த வலை கிடைக்காது.

வயிற்றிலும் ஒரு காரியம் நடக்கிறது. மடிப்புக் கலைந்த புரதத்தைப் பெப்சின் என்ற செரிமான நொதி எளிதாகத் துண்டு போடும். ஒரு துண்டில் ஒரே ஒரு மயில்தான் மிஞ்சியிருந்தால் அது ஒரு ஐஜிஇ-யைத்தான் பிடிக்கும். இரண்டு வேண்டுமே! மாஸ்ட் செல் சும்மா இருந்துவிடும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். விஷம் மாதிரி ஆன ஒரு பொருள், ஒரு அணுவும் குறையாமல், கத்தரித்த நீளத்தால் மட்டுமே தீங்கற்றதாகிவிடுகிறது.

முட்டை அலர்ஜி உள்ள குழந்தைகளில் பத்தில் ஏழு பேர் அளவுக்கு இப்படி நன்கு பேக் செய்த முட்டையைத் தாங்குகிறார்கள். மீதி மூவர் ‘நெய்த மயில்’ வகை. வெளியிலிருந்து பார்த்து யார் எந்த வகை என்று சொல்ல முடியாது. ஓவோமியூகாய்டுக்கான தனி ஐஜிஇ ரத்தப் பரிசோதனை ஓரளவு கோடு காட்டும். தீர்ப்பு சொல்வது மருத்துவமனையில், துண்டு துண்டாக ஊட்டிக் கண்காணிக்கும் சோதனை. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும், முன்பு மூச்சுத்திணறல் வந்த குழந்தைக்கும் வீட்டில் முயலவே கூடாது.

சோதனையில் தேறிய குழந்தைக்கு வீட்டில் செய்யும்போது அளவு முக்கியம். ஒரு கப் மைதாவுக்கு 2 முட்டை, அதை 6 சிறிய மஃபின் கிண்ணங்களில் ஊற்றி, முன்பே சூடேற்றிய ஓவனில் 180 டிகிரியில் 30 நிமிடம். ஒரு மஃபினில் முட்டையில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 2 கிராம் புரதம் வரும். பெரிய வட்டத் தட்டில் ஊற்றாதீர்கள். ஓரம் சிவந்திருக்கும், நடு ஈரமாக இருக்கும். நடுத்துண்டு குழந்தைக்குப் போனால் முடிந்தது கதை. குக்கரில் மணல் போட்டுச் செய்யும் கேக்கில் சூடு ஒரே சீராக இருக்காது, இந்தக் காரியத்துக்கு அது வேண்டாம். அரிசிமாவிலோ ராகியிலோ செய்தால் குளூட்டன் இல்லை, ஆகவே வலையும் இல்லை. தேறியபின் வாரத்தில் சில நாள் விடாமல் தர வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் நிறுத்துங்கள். அப்போது தாங்கும் அளவு குறையும்.

கேக் ஆகிறது என்பதால் எல்லாம் ஆகும் என்று இறங்கிவிடக் கூடாது. மயோனைஸில் இருப்பது பெரும்பாலும் பச்சை முட்டை. பன்னின் மேல் பளபளப்புக்குப் பூசும் முட்டை சரியாக வேகாது. ஓட்டல் பரோட்டா மாவிலும் சிக்கன் 65 மசாலாவிலும் முட்டை இருக்கும், கல்லிலும் எண்ணெயிலும் இருப்பது சில நிமிடமே. பாக்கெட் வாங்கும்போது நம் நாட்டில் ஒரு வசதி உண்டு: முட்டை சேர்ந்தால் பச்சைக் குறி போட முடியாது. பச்சை வட்டம் இருந்தால் முட்டை சேர்க்கவில்லை என்று பொருள், அதே இயந்திரத்தில் முட்டை பிஸ்கட் ஓடியிருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் மிஞ்சும். பாலுக்கு இது உதவாது. பச்சைக் குறியில் பால் தாராளமாக இருக்கும். தட்டம்மைத் தடுப்பூசியை முட்டை அலர்ஜிக்குப் பயந்து தவிர்க்க வேண்டியதில்லை.

பாலின் கதை கொஞ்சம் மாறும். பால் புரதத்தில் 80 சதவீதம் கேசின். அதற்குப் பெரிய மடிப்பே கிடையாது, ஏற்கெனவே உதறிப்போட்ட புடவை. அதனால்தான் ‘நன்றாகக் காய்ச்சிக் கொடுங்கள்’ என்ற அறிவுரை பலிப்பதில்லை. ஆட்டுப்பால் கேசினும் எருமைப்பால் கேசினும் பசும்பாலுடையதைப் போலவே இருப்பதால் அவையும் மாற்று ஆகாது. பனீர் கேசின் கட்டி. நெய்யிலும் மிச்சசொச்சப் புரதம் உண்டு. ஆனால் மாவோடு பேக் செய்யும்போது பாலிலும் வலை வேலை செய்கிறது. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வில் 100 குழந்தைகளுள் 68 பேர் பேக் செய்த பாலை மட்டும் தாங்கினர், 9 பேர் சாதாரணப் பாலையும் தாங்கினர், 23 பேருக்கு இரண்டுமே ஒத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு ஆதங்கம். ‘ஐஜிஜி பேனல்’ என்று ஆயிரக்கணக்கில் ரூபாய் வாங்கிக்கொண்டு நூறு உணவுகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை போட்டுத் தரும் பரிசோதனைகள் விற்கப்படுகின்றன. ஐஜிஜி என்பது உடல் அந்த உணவைச் சந்தித்திருக்கிறது என்பதன் பதிவேடு, அவ்வளவே. தினம் தின்னும் அரிசிக்கு அது இருப்பதில் வியப்பென்ன? அந்தத் தாளை நம்பிப் பாலும் கோதுமையும் பருப்பும் நிறுத்தப்பட்ட குழந்தை எடை குறைந்து வரும். ஐஜிஇ-யே கூடத் தனியாகப் போதாது: கர்நாடகத்தில் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு அருகில் ஏதோவோர் உணவுக்கு ஐஜிஇ இருந்தது, உணவு அலர்ஜி இருக்கலாம் என்று கணித்தது 0.14 சதவீதத்தினருக்கே. அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஊட்டிப் பார்க்கும் சோதனைக்குக் கட்டிலும் செவிலியரும் ஒதுக்கினால் இந்த வியாபாரம் பாதி படுத்துவிடும்.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது அவசர நிலை. தடிப்போடு இருமல், குரல் மாற்றம், மூச்சிரைப்பு, தொடர் வாந்தி, தளர்ச்சி என ஏதாவது சேர்ந்தால் அது அனபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. மருந்து அட்ரினலின்: கிலோவுக்கு 0.01 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். 12 கிலோ குழந்தைக்கு 1 மி.லி.-யில் 1 மி.கி. உள்ள ஆம்பூலிலிருந்து 0.12 மி.லி. முன்பே மருத்துவர் எழுதிக்கொடுத்துச் செய்துகாட்டியிருக்க வேண்டும். செட்டிரிசின் சொட்டு அரிப்பை அடக்கும், தொண்டை அடைப்பை நிறுத்தாது. 108-ஐ அழையுங்கள், குழந்தையைப் படுக்க வையுங்கள். மூச்சு வாங்கினால் மடியில் உட்கார வைக்கலாம், நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள்.

சூடு எப்போதும் நம் பக்கம் நிற்பதும் இல்லை. வேர்க்கடலையை அவித்தால் புரதத்தில் ஒரு பகுதி நீரில் இறங்கி வீரியம் குறைகிறது. வறுத்தால் சர்க்கரையோடு புரதம் கூடி ஐஜிஇ இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் வடிவம் பெறுகிறது. அலர்ஜி உள்ள குழந்தைக்கு இரண்டும் வேண்டாம் என்பது வேறு. இறாலின் புரதம் கொதியையே கண்டுகொள்ளாது, ஆவியிலும் ஏறி வரும். அலர்ஜி ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்றால் வருகிறது என்று முதலில் காட்டிய சோதனையே இப்படித்தான் தொடங்கியது. 1921-ல் ஜெர்மனியில் கார்ல் பிரவுஸ்னிட்ஸ் என்ற மருத்துவர், மீன் அலர்ஜி கொண்ட ஹைன்ஸ் கியூஸ்ட்னரின் ரத்தச் சீரத்தைத் தன் தோலில் ஊசியாகப் போட்டுக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்த, அங்கே மட்டும் தடித்தது. கியூஸ்ட்னருக்குப் பச்சை மீன் ஒன்றும் செய்யாது. சமைத்த மீன்தான் ஆகாது.